வெள்ளித் தட்டில் வந்த கிரிஸ்



"நாம் இந்த நாட்டுக்கு எப்போது வந்தோம்?" என்று பிள்ளைகள் கேட்டால், தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். பால்மரம் வந்தது, கங்காணி வந்தார், கப்பல் வந்தது, நாமும் வந்தோம். பாலோ ரயில் நிலையத்தில் இறங்கி, மூட்டை முடிச்சோடு லயத்தைத் தேடி நடந்த பாட்டன் பாட்டியிடமிருந்துதான் நம் கதை தொடங்குகிறது என்று எண்ணிக்கொள்கிறோம். அந்தக் கதை உண்மை. காட்டை அழித்து, அட்டைக்கும் மலேரியாவுக்கும் ஈடுகொடுத்து, இந்த ஜொகூர் மண்ணை வாழும் இடமாக்கிய கதை அது. அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஆனால் அதுதான் முழுக் கதை என்று யாராவது சொன்னால், அதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பால்மரம் இந்த நாட்டில் வேரூன்றுவதற்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, நம் கரையிலிருந்து கப்பலேறி வந்த ஒருவரின் பேரன் மலாக்கா அரசில் சுல்தானுக்கு அடுத்த இடத்தில் அமர்ந்திருந்தார். அவர் பெயர் துன் முத்தாஹிர். அவருடைய மகள் வயிற்றுப் பேரன்தான் ஜொகூரின் முதல் சுல்தான். அந்தப் பெரிய மனிதர் வாழ்ந்த விதத்தையும், வீழ்ந்த விதத்தையும் இந்த வாரம் பார்ப்போம். பெருமைப்பட இந்தக் கதையில் நிறைய இருக்கிறது. தலைகுனியவும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மணி புரிந்தான் பேரன்

பழைய மலாய் நூலான 'செஜாரா மெலாயு' சொல்லும் கதை இது. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், 'கெலிங்' நாட்டிலிருந்து மணி புரிந்தான் என்றொருவர் மலாக்காவுக்கு வந்து சேர்ந்தார். அரச குலத்தவர் என்கிறது நூல். இந்தக் 'கெலிங்' என்ற சொல் இன்று நம் காதில் வசையாக விழுகிறது. விழுவது நியாயம்தான், அந்த நோக்கத்தோடு சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்தக் காலத்தில் அது ஒரு நாட்டுப் பெயர். கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்து, தென்னிந்தியக் கீழைக் கரை முழுவதற்கும் மலாய்க்காரர்கள் வைத்த பெயர். மணி புரிந்தான் என்ற பெயரை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நம் ஊர் வாடை வீசுகிறதல்லவா?

மணி புரிந்தான் மலாக்காப் பெருங்குடி ஒன்றில் பெண் எடுத்தார். அவருடைய மகன் துன் அலி. துன் அலியின் சகோதரி சுல்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். அவள் வயிற்றில் பிறந்த ராஜா காசிம், துன் அலியின் துணையோடு 1446ஆம் ஆண்டுவாக்கில் சுல்தான் முஸாபர் ஷாவாக அரியணை ஏறினார். வந்த குடும்பம் இரண்டே தலைமுறையில் அரசனை உருவாக்கும் குடும்பமாகிவிட்டது.

இந்தத் துன் அலியின் மகன்தான் நம் கதாநாயகர் துன் முத்தாஹிர். தாய்வழியிலும் அவர் பெரிய இடம். மலாக்காவின் புகழ்பெற்ற பெண்டஹாரா துன் பேராக்கின் சகோதரி துன் கூடுதான் அவருடைய தாய். அவருடைய சகோதரி துன் செனாஜா சுல்தான் அலாவுடின் ரியாயாட் ஷாவின் மனைவி; சுல்தான் மாமுட் ஷாவின் தாய். அதாவது, கடைசி மலாக்கா சுல்தானுக்குத் துன் முத்தாஹிர் தாய்மாமன். தாய்மாமன் என்றால் என்ன என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இந்த உறவை மனத்தில் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பெண்டஹாரா என்றால் யார்?

மலாக்காவில் சுல்தானுக்குக் கீழே நான்கு பெரும் பதவிகள் இருந்தன. நிர்வாகத்துக்கெல்லாம் தலைவர் பெண்டஹாரா. கருவூலத்துக்குப் பெங்ஹூலு பெண்டஹாரி. ஊர்க்காவலுக்கும் சந்தைக்கும் துமெங்கோங். கடற்படைக்கு லக்சமானா. இவர்களில் பெண்டஹாராவே முதல் மந்திரி, முதல் நீதிபதி, போர் வந்தால் முதல் தளபதி.

நம் தோட்டத்து வாழ்க்கையை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். அந்தக் காலத்தில் தோட்டம் லண்டன் கம்பெனிக்குச் சொந்தம். ஆனால் பிரட்டுக் களத்தில் நிற்பவனுக்குத் துரை சொன்னதுதான் சட்டம். சுல்தானும் பெண்டஹாராவும் ஏறக்குறைய அப்படி. சுல்தான் அரண்மனையில் இருந்தார். ஊர் பெண்டஹாராவின் கையில் இருந்தது.

1498இல் துன் பேராக் காலமானார். அவருக்குப் பின் அவர் சகோதரர் துன் பூத்தே சிறிது காலம் பதவியில் இருந்தார். அவரும் மறைந்தபின், அடுத்தவர் யார் என்ற கேள்வி எழுந்தது. தகுதியுள்ள பிரபுக்கள் பலர் வரிசையில் நின்றார்கள். அப்போது உள்ளிருந்து அரசரின் தாயார், மாமன் முத்தாஹிரே இருக்கட்டும் என்று சொல்லியனுப்பியதாகச் 'செஜாரா மெலாயு' கூறுகிறது. அக்காள் தங்கை சொல்லுக்கு அரண்மனையிலும் மதிப்பு உண்டு போலும்! 1500ஆம் ஆண்டுவாக்கில் அவர் 'ஸ்ரீ மகாராஜா' என்ற பட்டத்தோடு பெண்டஹாரா ஆனார்.

அது மலாக்காவின் பொற்காலம். தோமே பிரேஸ் என்ற போர்த்துகீசியர், மலாக்கா விழுந்து ஓரிரு ஆண்டுகளில் அங்கே வந்து தங்கிக் குறிப்பெழுதியவர். அந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதியிருக்கிறார். வியாபாரிகளைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள். குஜராத்தியருக்கு ஒருவர்; நம் கரையினருக்கும் வங்காளம், பெகு, பாசாய் நாட்டினருக்கும் ஒருவர்; ஜாவா முதலிய தீவுகளுக்கு ஒருவர்; சீனர் முதலியோருக்கு ஒருவர். மேற்கிலிருந்து வரும் சரக்குக்கு நூற்றுக்கு 6 வரி. அதற்கு மேல் சுல்தானுக்கும் பெண்டஹாராவுக்கும் மற்ற அதிகாரிகளுக்கும் நூற்றுக்கு ஒன்றிரண்டு அளவில் அன்பளிப்பு. நூற்றுக்கு ஒன்று என்பது சின்னத் தொகையாகத் தோன்றும். பருத்தித் துணியும் மிளகும் கிராம்பும் பட்டும் பீங்கானும் மலையாகக் குவிந்த துறைமுகத்தில் அது சின்னத் தொகையே அல்ல.

துன் முத்தாஹிர் வெளியூர் வியாபாரிகளிடம் நியாயமாக நடந்தார் என்றே நூல் புகழ்கிறது. மலாக்காவை நோக்கி நங்கூரம் எடுக்கும் மாலுமிகள், நல்லபடி போய்ச் சேர்ந்து அந்த ஊர் வாழைப்பழத்தையும் புக்கிட் சீனா நீரையும் பெண்டஹாராவையும் காணவேண்டும் என்று வேண்டிக்கொண்டே புறப்படுவார்களாம். ஒரு மந்திரியின் பெயர் தண்ணீரோடும் பழத்தோடும் சேர்ந்து கடலோடிகளின் வாயில் புழங்கியது என்றால், அந்தப் பெயரின் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழகும் அகந்தையும்

ஆனால் மனிதர் குறையில்லாதவர் அல்லர். உடை அலங்காரத்தில் அவருக்கு இருந்த மோகத்தை நூல் ஒளிக்காமல் சொல்கிறது. ஒரு நாளைக்கு ஆறேழு முறை உடை மாற்றுவார். ஆயிரம் சட்டைகள் தயாராக இருந்தனவாம். கட்டி முடித்த தலைப்பாகைகள் வரிசையாக இருக்கும். ஆளுயரக் கண்ணாடியின் முன் நின்று, எந்தச் சட்டைக்கு எந்தத் துண்டு பொருந்தும் என்று மனைவியிடம் யோசனை கேட்பார். இதுவரை வாசித்துவிட்டு நம் வீட்டுப் பெண்கள் சிரிக்கலாம்.

அடுத்தது சிரிப்புக்குரியதல்ல. அரசகுமாரர்களே வந்தாலும் இருந்த இடத்தைவிட்டு எழமாட்டார். பொன்னை வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டுப் பொருள்போலக் கையாளும் அளவுக்குச் செல்வம் சேர்ந்திருந்தது. ஊர் பேசியது. பேச்சு அரண்மனைக்குள்ளும் புகுந்தது.

அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. பெண்டஹாராவுக்குத் துன் பாத்திமா என்று பேரழகியான மகள். அப்படிப்பட்ட பெண்ணை முதலில் சுல்தானுக்குக் காட்டாமல் கட்டிக்கொடுக்கக் கூடாது என்று அரண்மனைப் பெரியவர் ஒருவர் சொல்லிப் பார்த்தார். பெண்டஹாரா கேட்கவில்லை. அரசருக்கு அரச குலத்துப் பெண்களே பொருத்தம் என்று சொல்லி, துன் அலி என்ற இளைஞருக்கு மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். திருமணத்துக்கு வந்த சுல்தான் மாமுட், மணக்கோலத்தில் அந்தப் பெண்ணைக் கண்டார். நம் வழக்கப்படி சொன்னால், மாமன் மகள்; முறைப்பெண். மனத்துக்குள் நெருப்பு விழுந்தது. அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாத கோபம்தான் பொல்லாத கோபம்.

ஓர் இரவில் நடந்தது

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். இதில் வருகிறவர்கள் பலரும் நம் கரையைச் சேர்ந்தவர்கள்.

ராஜா மெண்டலியார் என்பவர் ஷாபந்தர், பெரும் பணக்காரர். முதலியார் என்ற பட்டம்தான் மலாய் நாவில் அப்படி மாறியது. நைனா சூரா தேவானா என்பவர் வியாபாரிகளின் தலைவர். இருவருக்கும் வழக்கு மூண்டது. பெண்டஹாரா முன் போனார்கள். பொழுது சாய்ந்துவிட்டதால், மறுநாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அந்த ஓர் இரவு போதுமானதாக இருந்தது. இரவோடு இரவாக நைனா சூரா தேவானா பத்துக் காட்டிப் பொன்னை எடுத்துக்கொண்டு பெண்டஹாராவின் வீட்டுக்குப் போனார். பெண்டஹாரா அதை வாங்கிக்கொண்டார். இதைக் கித்துல் என்ற ஒருவன் அறிந்தான். அவன் நைனாவுக்கு உறவினன். ஆனால் ராஜா மெண்டலியாரிடம் ஒரு காட்டிப் பொன் கடன்பட்டவன். நேரே கடன்கொடுத்தவர் வீட்டுக்கு ஓடினான். உன்னைக் கொல்லத்தான் அந்தப் பொன் கைமாறியது என்று ஒரு சொல்லைக் கூட்டிச் சொன்னான். நடந்தது லஞ்சம். கித்துல் சொன்னது கொலைத் திட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பொய். அந்தப் பொய்யின் விலை, அவன் பட்ட கடன். ராஜா மெண்டலியார் அதைத் தள்ளுபடி செய்தார்.

உயிருக்குப் பயந்த ராஜா மெண்டலியார் பெருந்தொகைப் பொன்னோடு லக்சமானா கோஜா ஹசானிடம் போனார். பெண்டஹாரா அரசரைக் கவிழ்க்கப் பார்க்கிறார், தனக்கென்று பொன் அரியணையே செய்துவைத்திருக்கிறார் என்று கதை கட்டினார். பொன்னை வாங்கிய லக்சமானா அதை அப்படியே சுல்தானின் காதில் போட்டார். ஏற்கெனவே உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்த சுல்தானுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. விசாரணை இல்லை. அழைத்துக் கேட்கவில்லை. தாய்மாமன் என்றும் பார்க்கவில்லை.

தலை வணங்கிய வீடு

1510ஆம் ஆண்டு. சுல்தானின் ஆட்கள் துன் சூரா டிராஜா, துன் இந்திரா செகாரா இருவரும் பெண்டஹாராவின் வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளித் தட்டில் ஒரு கிரிஸை வைத்து எடுத்து வந்தார்கள். அதற்குப் பொருள் மரண தண்டனை.

பெண்டஹாராவின் மகன் துன் ஹசான் துமெங்கோங் பொறுக்கவில்லை. ஆட்கள் ஆயுதத்தோடு சூழ்ந்தார்கள். ஊரே அந்த வீட்டின் பக்கம்தான் இருந்தது. கை அசைத்திருந்தால் அன்று மலாக்காவில் அரசர் மாறியிருக்கலாம். ஆனால் துன் முத்தாஹிர் மகனைத் தடுத்துவிட்டார். அரசருக்கு எதிராகக் கை உயர்த்துவது நம் முன்னோரின் பெயரைக் கெடுக்கும், அந்தப் பழி நம் குடும்பத்துக்கு வேண்டாம் என்ற கருத்தில் பேசினார். ஆயுதங்கள் கீழே போயின.

அவர் கொல்லப்பட்டார். அவர் அண்ணன் துன் தாஹிர், மகன் துன் ஹசான், மருமகன் துன் அலி என்று குடும்பத்து ஆண்கள் பலரும் கொல்லப்பட்டார்கள். துன் ஹம்சா என்ற பையன் கழுத்தில் வெட்டுப்பட்டுப் பிழைத்தான். சொத்துக்கள் அரண்மனைக்குப் போயின.

பிறகுதான் சுல்தான் விசாரித்தார். பொன் அரியணை எங்கே? அப்படி ஒன்றும் இல்லை. சொன்னது பொய் என்று தெரிந்தது. ராஜா மெண்டலியாருக்கும் கித்துலுக்கும் மரண தண்டனை. லக்சமானா பதவியும் சொத்தும் இழந்தார். ஆனால் போன உயிர் திரும்பியதா?

வாசகர்களே, இந்த இடத்தில் உங்களுக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வரவேண்டும். கோவலனையும் ஒருவன் பொய் சொல்லித்தான் மாட்டிவிட்டான். பாண்டியனும் சிலம்பைப் பார்க்கும் முன்பே தண்டனை சொல்லிவிட்டான். மதுரையில் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டினாள். மன்னன் தன் தவறை உணர்ந்து அங்கேயே உயிர்விட்டான். மலாக்காவில் மன்னன் உயிரோடு இருந்தான். நாடு போனது.

பேசாமல் வென்ற பெண்

கணவனையும் தகப்பனையும் உடன்பிறந்தவனையும் ஒரே நாளில் இழந்த துன் பாத்திமாவைச் சுல்தான் தம் மனைவியாக்கிக்கொண்டார். அந்தப் பெண் என்ன செய்ய முடியும்? ஊரை எரிக்கவில்லை. ஆனால் அதன்பின் அவர் சிரித்ததையே யாரும் பார்க்கவில்லை என்கிறது நூல். கருவுற்றபோதெல்லாம் கருவைக் கலைத்தார். சுல்தான் காரணம் கேட்டார். பட்டத்துக்கு வேறு பிள்ளைகள் இருக்கும்போது என் பிள்ளை எதற்கு என்பது அவர் பதிலின் சாரம். கடைசியில், உனக்குப் பிறக்கும் ஆண்பிள்ளைக்கே பட்டம் என்று சுல்தான் வாக்குக் கொடுத்தார்.

அந்தப் பிள்ளைதான் சுல்தான் அலாவுடின் ரியாயாட் ஷா. தகப்பனாரைக் கொன்றவரின் அரியணையில் தகப்பனாரின் பேரனை உட்காரவைத்தார் அந்த மகள். வாள் எடுக்காமல் வாங்கிய நியாயம் அது. 1962இல் அவர் பெயரிலேயே ஒரு மலாய்ப் படம் வந்தது. மரியா மெனாடோ நடித்தார். ஜொகூர் பாருவில் பெண்பிள்ளைகளுக்கான ஓர் உறைவிடப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மலாக்கா விழுந்தது, ஜொகூர் எழுந்தது

இந்தக் கொலைகளுக்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1509 செப்டம்பரில், செக்வேரா என்பவரின் தலைமையில் போர்த்துகீசியக் கப்பல்கள் முதன்முதலாக மலாக்காவுக்கு வந்திருந்தன. அவர்களைத் தாக்க ஏற்பாடு நடந்தது. செக்வேரா தப்பிவிட்டார், அவர் ஆட்கள் இருபது பேர் அளவில் சிறைப்பட்டார்கள். அந்தச் சிறைவாசிகளை மீட்கிறேன் என்று 1511 ஜூலையில் அல்புகெர்க் வந்தார். ஏறக்குறைய 1,200 பேர் கொண்ட படை. இவ்வளவு பெரிய துறைமுகத்தைப் பிடிக்க அது ஒன்றும் பெரிய படையல்ல. ஆனால் அப்போது மலாக்காவில் ஊர் கூடி நிற்கத்தக்க தலைவர் இல்லை. துன் முத்தாஹிரின் இடத்தில், மூப்பால் நடக்கவும் இயலாத துன் தெப்போக் பெண்டஹாராவாக இருந்தார். வியாபாரிகள் பிளவுபட்டுக் கிடந்தார்கள். ஆகஸ்டில் மலாக்கா விழுந்தது. பெண்டஹாராவின் மரணம் ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. போர்த்துகீசியரின் பீரங்கியும் காரணம். ஆனால் தன் தூணைத் தானே வெட்டிய வீடு புயலுக்கு எப்படி நிற்கும்?

இங்கேயும் நம் கரைக்காரர் ஒருவர் வருகிறார். நைனா சத்து என்ற இந்து வியாபாரி சிறையிலிருந்த போர்த்துகீசியருக்கு உதவியவர். வெற்றிக்குப்பின் அவர்கள் அவரையே பெண்டஹாரா ஆக்கினார்கள். 1514இல் அந்தப் பதவியைப் பறித்துக் கம்பார் அரசருக்குக் கொடுத்தார்கள். அவமானம் தாங்காமல் அவர் சிதை மூட்டித் தீயில் விழுந்து மாண்டார். அதே பட்டம், நாலே ஆண்டு இடைவெளி, இரண்டு சாவுகள்.

சுல்தான் மாமுட் மூவார், பாகோ, பகாங் என்று அலைந்து, பிந்தான் தீவில் தங்கினார். 1526இல் போர்த்துகீசியர் அதையும் அழித்தார்கள். 1528இல் சுமத்ராவின் கம்பாரில் அவர் காலமானார். மற்றொரு மகன் முஸாபர் பேராக்கின் முதல் சுல்தானானார். துன் பாத்திமாவின் மகன் அலாவுடின், ஜொகூர் ஆற்றங்கரையில் புதிய அரசை நிறுவினார். கோத்தா திங்கிக்குக் கீழே ஆற்றோரத்தில் இருக்கும் ஜொகூர் லாமா அந்த அரசின் பழைய தலைநகரங்களில் ஒன்று. 1699இல் கோத்தா திங்கியில் சுல்தான் மாமுட் கொல்லப்பட்டதோடு அந்தப் பரம்பரை முடிந்தது. அப்போது அரியணை ஏறியவர் யார் தெரியுமா? அன்றைய பெண்டஹாரா. இன்றைய ஜொகூர் அரச குடும்பம் அதற்குப்பின் வந்த வேறு கிளை.

எழுதியவர் யார்?

இவ்வளவையும் சொல்லும் 'செஜாரா மெலாயு'வை எழுதியவர் யார் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1612இல் ஜொகூரில் அந்த நூலைத் திருத்தி எழுதும் பணி துன் ஸ்ரீ லானாங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரும் ஒரு பெண்டஹாரா. அதுமட்டுமல்ல, துன் முத்தாஹிரின் வழிவந்தவர். நூலின் முகவுரையில் தம் வம்சத்தை அடுக்கிக்கொண்டே போய், மணி புரிந்தானில் கொண்டுபோய் முடிக்கிறார். 2001இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற நூல் அது. மலாய் இலக்கியத்தின் தலைசிறந்த நூலை எழுதியவர் தம் மூதாதை என்று சொல்வது நம் கரையிலிருந்து வந்த ஒருவரை!

ஆகவே இந்தக் கதை துன் முத்தாஹிரின் வழித்தோன்றல் ஒருவர் நூறு ஆண்டு கழித்துச் சொன்ன கதை. தம் மூதாதையை அவர் குற்றமற்றவராகக் காட்டியிருப்பது இயல்பு. போர்த்துகீசியர் எழுதியவற்றில் பெண்டஹாராவே ஆட்சியைப் பிடிக்க எண்ணினார் என்ற பேச்சும் உண்டு. இருந்தும், மூதாதையின் அலங்கார மோகத்தையும், அகந்தையையும், இரவில் வாங்கிய பத்துக் காட்டிப் பொன்னையும் அந்த வழித்தோன்றல் மறைக்கவில்லை. குடும்பப் பெருமை பேசுகிறவர்கள் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான்.

நமக்கு மிஞ்சியது எது?

இதில் என்னை உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். இன்றும் மலாய் அரசியல் மேடைகளில் காட்டிக்கொடுப்பவனைத் திட்டவேண்டுமானால் 'கித்துல்' என்பார்கள். 'ராஜா மெண்டலியார்' என்பார்கள். இந்த இரண்டு பெயர்களுக்கும் உரியவர்கள் எந்தக் கரையினர் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. கொல்லப்பட்டபோதும் விசுவாசம் தவறாத துன் முத்தாஹிரின் பாட்டனாரும் அதே கரையினர்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரிகிறது? நம் பிள்ளைகளுக்கே தெரிகிறதா? கெட்ட பெயர் மட்டும் நம் கணக்கில் எழுதப்பட்டு, நல்ல பெயர் கணக்கிலிருந்து விழுந்துவிட்டது.

அதற்காக, நாங்கள் அரச பரம்பரை என்று மார்தட்டச் சொல்லவில்லை. துன் முத்தாஹிர் மலாய்க்காரராகவே வாழ்ந்தார், இஸ்லாமியராகவே மறைந்தார். மலாய்த் தாய் வயிற்றில் பிறந்தவர். அவரை நமக்கு மட்டும் உரியவர் என்று பிடுங்கிக்கொள்வது நியாயமல்ல. சொல்லவேண்டியது இவ்வளவுதான்: இந்த நாட்டின் பழைய வீட்டைக் கட்டிய கைகளில் நம் கரையின் கையும் ஒன்று. அதை ஒளிக்கவும் வேண்டாம், ஊதிப் பெருக்கவும் வேண்டாம்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அது வரலாற்றைவிட நமக்கு நெருக்கமானது.

ஒரு பெரிய குடும்பத்தை அழித்தது எது? போர் அல்ல; பஞ்சம் அல்ல. மறுநாளைக்கு ஒத்திவைத்த ஒரு வழக்கும், அந்த இரவில் கைமாறிய பொன்னும், ஒருவன் கூட்டிச் சொன்ன ஒரு சொல்லும், கேட்டவர் எதிர்த்தரப்பை விசாரிக்காததும். இந்த நான்கும் இன்று நம் நடுவில் இல்லையா? கோயில் கணக்கில் நூறு வெள்ளி குறைகிறது என்று ஒருவர் கிளப்பிவிட்டால், கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் முன்பே செயலாளரைத் திருடனாக்கிவிடுகிறோம். பெண்ணைப் பற்றி ஒரு மொட்டைக் கடிதம் வந்தால், பெண் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே நிச்சயத்தை முறித்துவிடுகிறோம். பங்காளி மேல் ஒருவன் கோள் சொன்னால், அவனுக்கு அதில் என்ன லாபம் என்று கேட்பதில்லை. கித்துலுக்குக் கடன் இருந்தது. கோள் சொல்லி வருகிறவனைக் கண்டால், முதலில் அவன் கடனைக் கேளுங்கள்.

பெரிய இடத்தில் இருப்பவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. தோட்டத்தில் தலைவரோ, சங்கப் பொறுப்பாளரோ, கோயில் பெரியவரோ, வழக்குத் தீர்க்க உட்காருபவர் இருட்டிய பிறகு யாரிடமும் எதையும் கைநீட்டி வாங்கக் கூடாது. துன் முத்தாஹிர் அரசருக்குத் துரோகம் செய்யவில்லை. ஆனால் அன்றிரவு கதவை மூடியிருந்தால், கித்துலுக்குச் சொல்ல ஒரு கதையே கிடைத்திருக்காது.

அடுத்த முறை கோத்தா திங்கிப் பக்கம் போனால், பிள்ளைகளை ஜொகூர் லாமா ஆற்றங்கரைக்கு அழைத்துப் போங்கள். பழைய கோட்டையின் மண்மேடு அங்கே இருக்கிறது. அதைக் காட்டி, சிரிக்க மறந்த ஒரு தாய் தன் மகனுக்காகக் கேட்டு வாங்கிய நாடு இது என்று சொல்லுங்கள். அந்தத் தாயின் பூட்டன் பெயர் மணி புரிந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.